தலைப்பாகையும் தண்டவாளமும்

தெமோதரைப் புகையிரத நிலையத்தைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு இறங்கும் பாதையை வகுத்தவர்கள் தெமோதரைச் சரிவுக்கு வந்ததும் திகைத்து நின்றார்களாம். மலை அங்கே சட்டென்று இறங்குகிறது. மலைநாட்டுப் பாதையில் ஓடும் ரயிலோ 44 அடி ஓடினால் ஓரடிக்கு மேல் இறங்கக் கூடாது. என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த வேளையில், பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து உதறி, மறுபடி தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர பார்த்தாராம். துணி தலையைச் சுற்றி வந்து தன் மேலேயே படிகிறது. தண்டவாளமும் குன்றைச் சுற்றி வந்து தனக்குக் கீழேயே நுழைந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியதாம். இன்றும் தெமோதரையை விட்டுப் புறப்படும் ரயில் ஏறத்தாழ 900 மீட்டர் வளைந்து வந்து, சற்று முன் தான் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் புகுந்து பதுளைப் பக்கம் போகிறது. ஊவா மாகாணத்தைப் பற்றிய சுவையான செய்திகளைத் தொகுக்கிற எவரும் இதை விட்டுவிடுவதில்லை.

கதை நடந்ததா, கட்டியதா என்ற கேள்வியை ஒருபுறம் வைத்துவிட்டு, அதற்குள் கங்காணிக்குக் கிடைத்திருக்கும் இடத்தைப் பார்ப்போம். அவருக்குப் பெயர் இல்லை. அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எத்தனை பேரைக் கூட்டிவந்தார், அந்த மலையில் அவருக்கு என்ன வேலை என்பதெல்லாம் கதைக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது அவர் தலைத்துணி ஒன்றுதான். ஊவாவைப் பற்றி நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மற்றச் செய்திகளையும் இப்படி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்: தம்பேத்தன்ன மலையுச்சியில் உள்ள லிப்டனின் இருக்கை, எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே நிற்கும் ஒன்பது வளைவுப் பாலம், உலகச் சந்தையில் தனிப் பெயர் பெற்ற ஊவாத் தேயிலையின் மணம். ஒவ்வொன்றின் நடுவிலும் தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் நிற்கிறார்கள். ஆனால் செய்தியில் அவர்கள் இல்லை. காலம் கடந்ததால் மறந்துபோன சங்கதி இது என்று நான் நினைக்கவில்லை. அவர்களை நாட்டின் கணக்கிலிருந்து சட்டம் போட்டு நீக்கிய பிறகே கதையிலிருந்தும் நீக்குவது எளிதாயிற்று. இந்த அத்தியாயத்தில் அதைத்தான் நிறுவ முயல்கிறேன்.

சென்ற அத்தியாயத்தில் 1817–18 ஊவா, வெல்லஸ்ஸக் கிளர்ச்சியின் முடிவைப் பார்த்தோம். கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பர் 26ஆம் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டதோடு அந்தக் கதை முடிந்துவிடவில்லை. கிராமங்கள் எரிக்கப்பட்டன, வயல்கள் அழிக்கப்பட்டன, மக்கள் சிதறினார்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரிய நிலம் என்றது. அந்த நிலத்தை வாங்கியவர்கள் கோப்பி நட்டார்கள். கண்டிச் சிங்களக் கிராமத்தவர் காடு வெட்டக் கூலிக்கு வந்தாலும், தம் வயலை விட்டுவிட்டு ஆண்டு முழுதும் பிறர் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, நிற்க மறுத்தார்கள். சொந்த வயல் உள்ளவர் மறுப்பதில் வியப்பில்லை. எனவே இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளில் பஞ்சத்தில் வாடியவர்களைக் கங்காணிகள் கூட்டிவந்தார்கள். கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மலைநாட்டை அடைந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர் பலர். ஊவாவுக்குப் போக வேண்டியவர்களுக்கு மாத்தளையோடு நடை முடியவில்லை. அங்கிருந்து இன்னும் கிழக்கே, மலைகளைத் தாண்டி நடக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்ப்பது பயன் தரும். பதுளையில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் யானைகளைச் சுட்டுக் குவித்தவர் என்றும், 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தவர் என்றும் சுவையான செய்தியாகச் சொல்வார்கள். அவர் நினைவாக எழுந்த சென் மார்க்ஸ் தேவாலயம் பதுளையில் இன்றும் நிற்கிறது. அவர் காலத்திலேயே ஊவாவுக்குப் பாதைகள் வெட்டப்பட்டுத் தோட்டங்கள் தொடங்கிவிட்டன. 1869இல் கோப்பி இலைகளில் ஆரஞ்சு நிறத் துருநோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து அதே மலைகளில் தேயிலை ஏறியது. தோமஸ் லிப்டன் 1890இல் வந்து தம்பேத்தன்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். ரயில் அப்புத்தளையைத் தொட்டதோ 1893இல். பண்டாரவளைக்கு வந்தது 1894இல். பதுளைக்கு வந்தது 1924இல். பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு 40 கிலோமீட்டருக்கும் குறைவுதான். அதைக் கடக்கத் தண்டவாளத்துக்கு 30 ஆண்டு பிடித்தது. அதற்குள் கோப்பி வந்து, செழித்து, அழிந்து, தேயிலையும் வேரூன்றிவிட்டது.

இந்த வரிசை எதைக் காட்டுகிறது? ரயில்தான் ஊவாவைத் திறந்துவிட்டது என்ற வழக்கமான கூற்று முன்பின்னாகத் திரும்பி நிற்கிறது. ஊவா முன்பே திறந்துகிடந்தது; கால்நடையாக வந்தவர்கள் திறந்தார்கள். அவர்கள் வெட்டிய மலையில் விளைந்த சரக்கைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகவே ரயில் வந்தது. மாட்டுவண்டி சுமந்த தேயிலைப் பெட்டிகள் ரயிலுக்கு மாறின. ஒன்பது வளைவுப் பாலத்தையும் தெமோதரைச் சுற்றையும் பொறியியல் அற்புதங்கள் என்கிறோம். அற்புதங்கள்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எந்தச் சரக்குக்காக அவ்வளவு பணத்தைக் கொட்டி மலையைக் குடைந்தார்கள் என்று கேட்டால் விடை கொழுந்துக்கூடைக்குள் கிடக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். பாலத்தைக் கட்டியவர்கள் தோட்டத் தொழிலாளர்களா? அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் கிராமத்தவரைச் சேர்த்துக்கொண்டு, உலகப் போரால் இரும்பு கிடைக்காத வேளையில் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டி முடித்தார் என்றல்லவா ஊரில் சொல்கிறார்கள்? அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். சிங்களக் கிராமத்து மனிதர் ஒருவரின் கைத்திறனை ஊர் நினைவில் வைத்திருப்பது நல்லதே. 1921இல் எழுந்த அந்தப் பாலத்தைப் பற்றி இரண்டே ஆண்டுகளில் இலங்கைப் பொறியியல் சங்கம் வெளியிட்ட கட்டுரை அதைக் காங்கிரீட் பாலம் என்றே பேசுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் கல்லை யார் தூக்கிவைத்தார் என்பதில் என் வாதம் நிற்கவில்லை. அப்புஹாமி என்ற பெயர் மிஞ்சியிருக்கிறது, கங்காணியின் பெயர் மிஞ்சவில்லை என்பதில் நிற்கிறது. ஒரு சமூகத்துக்கு ஊரும் வயலும் விகாரையும் இருந்தன. பெயரைப் பேணிச் சொல்ல அடுத்த தலைமுறை அதே இடத்தில் இருந்தது. மற்றச் சமூகத்துக்கு இருந்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா. அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம்.

தேயிலையின் மணத்துக்கு வருவோம். ஊவாவின் பெயர் உலகச் சந்தையில் நிற்பது அந்த மணத்தால்தான். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் வற்றிய கச்சான் காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்று பகலெல்லாம் வீசும். அதில் வாடும் செடி தன் கொழுந்துக்குள் ஒரு தனி வாசனையைச் சேர்க்கிறது. மெத்தைல் சாலிசிலேட் என்ற பொருள் அதில் முக்கியமானது; மூட்டு வலிக்குத் தடவும் தைலத்தைத் திறந்தால் மூக்கில் ஏறுகிற வாசனை அதுதான். கொழும்பு ஏலத்தில் இந்தப் பருவத்து ஊவாத் தேயிலைக்குத் தனி விலை உண்டு. இதையெல்லாம் காற்றின் கொடை, மண்ணின் கொடை என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். கொழுந்து எடுக்கும் பெண்ணின் பக்கம் நின்று அதே மூன்று மாதத்தைப் பார்க்கட்டும். கச்சான் அடிக்கும்போது செடி துளிர்ப்பது குறைகிறது. அதே நிரையில் மழைக்காலத்தில் நிரம்பிய கூடை இப்போது பாதியில் நிற்கிறது. படங்கை இடுப்பில் இறுகக் கட்டி, மட்டக்கம்பைச் செடி மேல் படுக்க வைத்து, அதற்கு மேல் எட்டிப் பார்க்கும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் கிள்ளி, தோளுக்கு மேலே பின்புறம் வீச வேண்டும். மாலையில் கொழுந்து மடுவத்தில் தராசு தொங்கும். குறித்த கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் கூலி. ஊவாத் தேயிலை ஏலத்தில் உச்ச விலைக்குப் போகும் பருவம், அதைக் கிள்ளும் கைக்கு முழுப்பேர் எட்டாத பருவமாக இருக்கிறது. மணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தராசைப் பற்றியும் எழுதியிருந்தால் அந்தச் செய்தி முழுமை பெற்றிருக்கும்.

கடல்கடந்த ஓர் ஒப்புமை இங்கே உதவும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஒன்றான தென் கரோலினா, 18ஆம் நூற்றாண்டில் அரிசியால் செல்வம் பெற்றது. அந்த அரிசி எப்படி வந்தது என்பதற்கு அங்கும் ஒரு சுவையான கதை உண்டு: மடகாஸ்கரிலிருந்து வந்த கப்பல் ஒன்று பழுதுபார்க்கச் சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் ஒதுங்கியது, கப்பல் தலைவர் ஒரு மூட்டை விதைநெல்லைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கதையே வரலாறாக நின்றது. 1974இல் பீட்டர் வூட் என்ற வரலாற்றாசிரியர் வேறொரு கேள்வி கேட்டார். சதுப்பு நிலத்தில் வரப்புக் கட்டி, நீரை ஏற்றி இறக்கி நெல் விளைவிக்க இங்கிலாந்திலிருந்து வந்த துரைமாருக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்? மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக நெல் பயிரிட்டவர்கள். ஜூடித் கார்னி 2001இல் இந்த வாதத்தை மேலும் விரித்தார். மறுத்தவர்களும் உண்டு, 2007இல் டேவிட் எல்டிஸும் அவரோடு சேர்ந்தவர்களும், அரிசிப் பொருளாதாரத்தின் வளர்ச்சிக்கு ஆபிரிக்கர் அறிவு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்று கப்பல் கணக்குகளைக் காட்டினார்கள். வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் கப்பல் தலைவரையும் விதைமூட்டையையும் மட்டும் சொல்லிவிட்டு இனி யாரும் நகர முடியாது. லிப்டனின் இருக்கையைக் காட்டுகிற நமக்கு இன்னும் அந்தக் கட்டாயம் வரவில்லை. தாமே வாங்கிய தோட்டத்தை மலையுச்சியில் அமர்ந்து பார்த்தவரின் இடம் அது. அந்தச் சரிவில் கவ்வாத்து வெட்டியவர்கள், கான் வெட்டியவர்கள், கொழுந்து சுமந்தவர்கள் எங்கே நின்றார்கள் என்பதைக் காட்ட ஒரு பலகையேனும் வைக்க வேண்டும்.

அடிமை முறையோடு ஒப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு நியாயம் இருக்கிறது. ஊவாவுக்கு வந்தவர்கள் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் அல்லர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் சுதந்திரமான கூலியாட்கள். ஒரு மாத முன்னறிவித்தலில் விலகலாம் என்று ஏட்டில் எழுதியிருந்தது. இந்த வேறுபாட்டை மழுப்பக் கூடாது. ஆனால் ஏட்டிலிருந்த உரிமையைத் துண்டு என்ற ஒரு சிறு தாள் விழுங்கிவிட்டது. கங்காணியும் அவர் ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் தாள் அது. அடுத்த தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுப்பார். கடன் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், அடையாது. பயணச்செலவு, அரிசி, கம்பளி, கல்யாணம், சாவு என்று கடன் ஏறிக்கொண்டே போகும். 1921இல்தான் சட்டம் துண்டை ஒழித்தது. தென் கரோலினாவில் அடிமை முறை ஒழிந்த பிறகு குத்தகைக் கடனில் கறுப்பின மக்களைக் கட்டிவைத்ததும் இதே வழிதான். ஒப்புமை எனக்கு அங்கேதான் தேவைப்படுகிறது.

இன்னும் நெருக்கமான ஒப்புமை வாக்கில் இருக்கிறது. அடிமை முறை ஒழிந்ததும் தென் கரோலினாவில் கறுப்பின மக்கள் வாக்களித்தார்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் கறுப்பின உறுப்பினரான ஜோசப் ரெய்னி 1870இல் அந்த மாநிலத்திலிருந்துதான் போனார். அவர்கள் அங்கே பெரும்பான்மையினர். 1895இல் மாநிலம் புதிய அரசியலமைப்பு எழுதி, எழுத்தறிவும் சொத்தும் வரியும் காட்டச் சொல்லி அந்த வாக்கைப் பறித்தது. 1897இல் கடைசிக் கறுப்பின உறுப்பினர் விலகிய பிறகு அடுத்தவர் அங்கிருந்து போக 1993 ஆயிற்று. ஊவாவில் இதே கதை அரை நூற்றாண்டு தள்ளி நடந்தது. 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தபோது தோட்ட மக்களில் ஒரு பகுதியினருக்கும் அது கிடைத்தது. 1940இல் பதுளைப் பக்கம் வேலைநிறுத்த அலை எழுந்தது. மே மாதம் வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தம் சபையைத் தாமே தெரிவு செய்தார்கள். அந்தச் சபையைக் கலந்துகொண்டே நடப்பதாகத் துரை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதே மாதம் 12ஆம் திகதி பதுளையில் இடதுசாரித் தலைவர் என். எம். பெரேரா கூட்டத்தில் பேசினார். தமிழ்த் தொழிலாளரும் சிங்கள இடதுசாரிகளும் ஒரே மேடையில் நின்ற நாட்கள் அவை. பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் துண்டித்த வெள்ளமும் சேர்ந்து அந்த அலையை அடக்கின. ஏழு ஆண்டு கழித்து 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது, பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் போனார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தல் திருத்தமும் வந்து தோட்ட மக்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரும் தெரிவாகவில்லை. மறுபடி ஒருவர் மக்கள் வாக்கால் வர 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்று இந்தச் சட்டத்தை ஆதரித்தவர்கள் இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, இவர்கள் வந்து போகிறவர்கள், இந்தியாவில் ஒரு காலை வைத்திருப்பவர்கள் என்பது. தொடக்கக் கோப்பிக் காலத்தில் இது பெரும்பாலும் மெய்தான். பருவ வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். குடும்பத்தோடு வந்தார்கள், குடும்பமாகவே தங்கினார்கள். 1948இல் சட்டம் கேட்டது தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்கான சான்று. லயத்தில் பிறந்து, பெயரைக் கணக்கப்பிள்ளை தம் காதில் விழுந்தபடி எழுதிய ஒருவர், தம் தகப்பனின் பிறப்பை எந்தத் தாளைக் கொண்டு நிறுவுவார்? தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் அவர் எத்தனை பேர் வேலை செய்தார், எவ்வளவு அரிசி வாங்கினார் என்பதற்கு நாள்தவறாத கணக்கு இருந்தது. இரண்டாவது காரணம் கனமானது: தோட்டங்கள் சிங்களக் கிராமங்களின் நிலத்தை விழுங்கின. விழுங்கியது உண்மை. 1818இன் அழிவையும் 1840 சட்டத்தையும் நான் மேலே குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நிலத்தை எடுத்தது முடி. வாங்கியவர்கள் துரைமாரும் கம்பனிகளும். அந்த நிலத்தில் ஒரு பேர்ச்சஸ் கூடத் தொழிலாளர் பெயரில் இல்லை. 1972லும் 1975லும் நிலச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையானபோதும் அவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தது. தாம் பிறந்த மலையை விட்டு ரயிலேறித் தலைமன்னாருக்குப் போனவர்களில் பலர், கூடலூர், கோத்தகிரிப் பக்கத்தில் தமிழக அரசு நிறுவனமான டான்டீயின் தோட்டங்களில் மறுபடி கொழுந்துக்கூடையைத்தான் எடுத்தார்கள். மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை முழுதாகத் தீர 2003 வரை ஆயிற்று.

2012 குடிசன மதிப்பீட்டில் பதுளை மாவட்டத்தில் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். மாவட்டத்தில் ஐந்து பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு ஆண்டு கழித்து, 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லய வரிசைகளை மூடியது. அங்கே குடியிருப்பது ஆபத்து என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. மக்களுக்குப் போக வேறு நிலம் இல்லை. மண்ணுக்குள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு முதல் நாளில் நூற்றுக்கணக்கில் என்றார்கள். பிறகு நூறு என்றார்கள். நாட்கள் போகப்போக அந்த எண் இறங்கி நாற்பதுக்குள் வந்தது. அன்றைய காலைப் பெரட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்பது மட்டும் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது.